மேகம் என்றார் வைத்தியர்

தலை வலித்தால் தலையைத் தொட்டுக் காட்டலாம், வயிறு வலித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டலாம். எனக்கு வந்த நோய் தொட்டுக் காட்ட முடியாத இடத்தில் வந்தது. வாயால் சொல்லவும் கூசிப்போய் வெகுநாள் சும்மா இருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் அப்படி இருந்திருந்தால் என்னைப் பாடையில்தான் ஏற்றியிருப்பார்கள். இப்போது தேறி உட்கார்ந்திருக்கிறேன். என்னைப்போல் பருத்த உடம்போடு, என்னைப்போல் வாயை மூடிக்கொண்டு இன்னும் எவனாவது இருப்பான். அவன் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுதும்போதே காது சுடுகிறது.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய பெருமாள் கோயில். அதன் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுவது என் உத்தியோகம். விடியுமுன் குளித்து, வேஷ்டியை நனைத்துப் பிழிந்து, அந்த ஈரத்தோடேயே கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். ஈரத் துணிதான் மடி. அது உடம்பிலேயே காயும். உச்சிக்காலம் முடிந்தால் மறுபடி குளியல், மறுபடி ஈரம்.

அறுபதுகளின் நடுவில் ஊரே ரேஷன் கடை வாசலில் அரிசிக்கு வரிசையில் நின்றது. நான் மட்டும் பொங்கலும் அக்காரவடிசலும் குடலை இட்லியுமாகத் தின்று பெருத்தேன். கோயிலில் என் பங்கு பிரசாதமாக வரும். பெருமாள் பிரசாதம் வீணாகக் கூடாது என்று தின்றேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். அது பொய். ருசியாக இருந்தது, தின்றேன்.

வயிறு முன்னால் சரிந்து தொடைமேல் கவிழ்ந்தது. குளிக்கும்போது குனிந்தால் வயிறுதான் தெரியும், அதற்குக் கீழே இருப்பது தெரியாது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, கைக்குத் தெரிகிறதே என்று இருந்தேன். ஒருநாள் கைக்கும் அகப்படவில்லை. ஆண்குறி இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. மூங்கில் குடலையில் ஊற்றிய இட்லி மாவு பொங்கி விளிம்பை மூடுமே, அப்படி அடிவயிற்றுக் கொழுப்பு சுற்றிலும் எழும்பி அதை மூடிவிட்டது. எனக்கு அப்போது இப்படிச் சொல்லத் தெரியவில்லை. ஆண்மையே உள்ளே சுருங்கிப் போய்விட்டது, இனி நான் மனிதனே இல்லை என்றுதான் நினைத்தேன்.

பிறகு எரிச்சல் வந்தது. உட்கார்ந்து நீர் விட்டால் ஒரு தாரையாக விழாது. தோலின் மடிப்புக்குள் தேங்கி நின்று, எழுந்து நடக்கும்போது தொடையில் சொட்டும். அதற்கு மேல் ஈர வேஷ்டி. அடுப்புச் சூட்டில் வேஷ்டி காய்ந்தாலும் மடிப்புக்குள் ஈரம் காய்வதில்லை. அங்கே தோல் வெந்து வெடித்தது. நுனித்தோல் இறுகி, வாய் கட்டிய சுருக்குப் பை மாதிரி ஆயிற்று. வெள்ளையாக ஏதோ படிந்தது. வாடை அடித்தது. மடைப்பள்ளியில் யாரும் பக்கத்தில் வந்தால் நான் அடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன்.

வீட்டிலும் அதே ஒளிவுதான். எங்கள் ஒரே பெண்ணை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் நானும் என் மனைவி கோமளாவும் மட்டும். அவள் பட்டுக்கடைக்குப் புடவை முந்தானையில் குஞ்சம் கட்டிக்கொடுப்பாள். நான் அவளை விட்டு விலகிக் கூடத்தில் தனியே பாயைப் போட்டேன். கலியாணம் ஆன நாள் முதல் அவள் தோய்த்த என் வேஷ்டிகளை நானே தோய்க்க ஆரம்பித்தேன். ஏன் என்று அவள் கேட்டதற்கு, மடிக்கு நல்லது என்றேன்.

கடைசியில் வலி தாங்காமல் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நாட்டு வைத்தியரை வரவழைத்தேன். நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார். கீழே பார்க்க வேண்டும் என்றார். முடியவே முடியாது என்றேன்.

"தாகம் எடுக்குதா சாமி?"

"எடுக்கறது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீர் உடற எடத்துல எறும்பு மொய்க்குதா?"

எனக்கு அவமானமாகிவிட்டது. தலையை மட்டும் அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "மேகந்தான் சாமி. வேற ஒண்ணும் இல்ல. முத்திப் போயிருக்குது. எங்கையில இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

மேகம் என்பது எங்கள் பெருமாளின் நிறம். ஆனால் அந்தச் சொல் ஒரு வைத்தியர் வாயிலிருந்து வந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கண்ட பெண்களிடம் போய்வந்தவனுக்கு வரும் வியாதி அது. வைத்தியருக்கு மோர் கொண்டுவந்த கோமளா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை.

அழவில்லை, கத்தவில்லை. மறுநாள் முதல் என் டம்ளர் மட்டும் ஜன்னல் மாடத்தில் தனியாக இருந்தது. எனக்குத் தளிகை பண்ணினாள், பரிமாறினாள், நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. நான் விலகிப் படுத்தது, வேஷ்டியை நானே தோய்த்தது எல்லாவற்றுக்கும் அவளுக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. தெருக்கோடி வரை நடந்தால் மூச்சு வாங்குகிறவன் எந்தப் பெண் வீட்டுக்குப் போயிருக்க முடியும் என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஒரு நிமிஷம், வெட்கக்கேடு, எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என்னால் அதெல்லாம் முடியும் என்று உலகத்தில் ஒருத்தியாவது நினைக்கிறாளே.

எனக்கு மேகம் இல்லை என்று சொல்லலாம். சொன்னால், பின்னே என்ன என்று கேட்பாள். இருந்த இடத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது? கெட்டவன் என்று அவள் நினைப்பதா, ஆண்பிள்ளையே இல்லை என்று அவள் தெரிந்துகொள்வதா என்று இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன். கெட்டவனாகவே இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் தராசு மறுபக்கம் சாய்ந்தது.

வைகாசி உற்சவத்தின் போது ஒருநாள் புளியோதரைக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து நீர் பிரியவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. மத்தியானம் முக்கி முக்கிப் பார்த்து இரண்டு சொட்டு ரத்தம்தான் வந்தது. அப்படியே அடுப்படியில் சாய்ந்தேன். நாலு பேர் தூக்கி மாட்டு வண்டியில் போட்டார்கள். கோமளா கட்டின புடவையோடு ஓடிவந்து வண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரி வரை என் தலை அவள் மடியில்தான் இருந்தது. முகத்தை மட்டும் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் வேலூர்ப் பக்கத்து இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். திரையை இழுத்து மூடினார்கள். வார்டு பாய் மாணிக்கம் என் வயிற்றை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்தான். டாக்டர் கொழுப்பை அழுத்தி அழுத்தித் தேடினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு வருஷமா."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"இல்லை."

மாணிக்கம் பெருமூச்சு விட்டான். "இன்னா சாமி நீ! வவுறே வெடிச்சிருக்கும்பா."

டாக்டர் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை அந்த இறுகிய தோலின் துளை வழியே உள்ளே விட்டார். அலறினேன். பிறகு நீர் வெளியே வந்தது. வாழ்நாளில் அவ்வளவு சுகத்தை நான் எந்த நைவேத்தியத்திலும் ருசித்ததில்லை. குழாயை அப்படியே விட்டு, மறுமுனையை ஒரு கண்ணாடிப் புட்டியில் செருகினார்கள். வெளியே நின்ற கோமளாவிடம் புட்டியைக் கொடுத்து, தாழ்வாகவே பிடிக்கணும்மா, உயர்த்தக் கூடாது என்றார்கள்.

மறுநாள் எடை பார்க்கவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏறினேன். முள் கடைசி வரை ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டது. டாக்டர் யோசித்துவிட்டு, எதிரில் விறகு மண்டி இருக்கிறதே என்றார். பட்டப்பகலில், தெருவைக் கடந்து, விறகு நிறுக்கும் தராசுப் பலகையில் என்னை உட்கார வைத்தார்கள். சங்கிலி கிறீச்சிட்டது. மண்டிக்காரர் மறுதட்டில் கல்லை வைத்தார், இன்னொன்று வைத்தார், இன்னும் ஒன்றைத் தூக்கிவரச் சொன்னார்.

"ஆடாம குந்து சாமி. முள்ளு நிக்கணும்."

விறகு வாங்க வந்த நெசவாளிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நூற்று நாற்பத்தெட்டு கிலோ என்று அவர் உரக்கச் சொன்னார். பெருமாளே, பூமி பிளக்காதா என்று இருந்தது. அப்போதுதான் பக்கத்தில் நின்ற கோமளாவைப் பார்த்தேன். அவள் கையில் அந்தப் புட்டி. குழாயும் மஞ்சள் நீரும் யார் கண்ணுக்கும் தெரியாதபடி புடவைத் தலைப்பால் சுற்றி மூடி, ஒரு கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கெட்டவன் என்று நம்பிக்கொண்டுதான் அப்படி மூடிப் பிடித்திருந்தாள். மண்டிக்காரர் சொன்ன எடையைவிட அதுதான் எனக்குக் கனத்தது.

வார்டில் பக்கத்துக் கட்டில் காதர் பாய்க்கு. ஒலிமுகமதுபேட்டை ஜட்காக்காரர். காலில் ஆறாத புண். அவரை எனக்கு முன்பே தெரியும், என்னை வண்டியில் ஏற்ற மறுத்தவர்.

"சாமி, நீங்க ஏறினா வண்டி பின்னால குந்திக்கும், குதிரை மேல போயிடும். இப்ப பாருங்க, ரெண்டு பேரும் ஒரே வண்டில வந்துக்கினு இருக்கோம்" என்று சிரித்தார்.

எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி, சர்க்கரை. இருவருக்கும் காலையில் இன்சுலின் ஊசி. அது மிருகத்தின் உடம்பிலிருந்து எடுக்கிற மருந்து என்று வார்டில் யாரோ சொன்னார்கள். எந்த மிருகம் என்று பாயிடம் கேட்டேன்.

"கேக்காதீங்க சாமி. மாடா இருந்தா உங்களுக்கு ஆவாது. பன்னியா இருந்தா எனக்கு ஆவாது. கேக்காம இருந்தா ரெண்டு பேருக்கும் ஆவும்."

நான் அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை.

என் பயமே வேறு. நுனித்தோலில் கத்தி வைக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் சுன்னத்துதானே? அங்கம் குறைந்தவனை மடைப்பள்ளிக்குள் விடுவார்களா? இதைப் பாயிடமே கேட்டுவிட்டேன், கேட்கவேண்டிய ஆள் அவர்தானே.

"எங்க பசங்களுக்கு சின்ன வயசுலயே முடிச்சி, ஊரைக் கூட்டி பிரியாணி போட்டுடுவோம். நீங்க தலை நரைச்ச பின்னால வந்து நிக்கிறீங்க. பயப்படாதீங்க, என்னைப் பாருங்க, பேரன் பேத்தி எடுத்துட்டேன்" என்றார். சிரிப்பை அடக்கவே முடியவில்லை, குழாய் இழுத்து வலித்தது.

இரண்டு நாள் கழித்து மடைப்பள்ளியின் பெரியவர் ஆராவமுது என்னைப் பார்க்க வந்தார். கோமளா காலடியில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஓய் ஆச்சு? என்ன வியாதின்னு ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாளே?"

என் வாயில் தயாராக ஒரு சொல் இருந்தது. "ஓதம்" என்றேன்.

காஞ்சிபுரத்தில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. கொசுவாலே யானைக்கால் வருகிற ஊர். விரையில் நீர் கோத்து ஓதம் வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு, வெளிப்படையாகவே சொல்லிக்கொள்வார்கள். ஆராவமுதுவும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, தன் மச்சினருக்கு ஓதத்தில் எடுத்த நீரின் அளவைக் கையால் காட்டிவிட்டுப் போனார். விசிறி நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கோமளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓதம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இல்லாத ஒன்றைச் சொல்லி மறைக்கிறேன் என்றால், மறைப்பது அதைத்தான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. விசிறியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். அன்று இரவு எனக்கு ஆஸ்பத்திரி ரொட்டிதான்.

மறுநாள் காலை டாக்டர் அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். என் கட்டில் பக்கத்தில் மேஜையை இழுத்துப்போட்டு, ஸ்பிரிட்டில் எரியும் சாராய விளக்கு, கண்ணாடிக் குழாய், நீலத் திரவம் ஒரு புட்டி எல்லாம் வைத்தார்.

"இனிமே வீட்டுல தினமும் நீங்கதான் இதைப் பண்ணணும்மா. நல்லாப் பாத்துக்குங்க."

நீலத் திரவத்தைக் குழாயில் கொஞ்சம் ஊற்றினார். அதில் என் சிறுநீர் சில சொட்டு விட்டார். விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் செங்கல் நிறமாகி அடியில் படிந்தது. கோமளா பட்டு நிறங்களிலேயே புழங்குகிறவள். அவள் உதடு தானாக அசைந்தது: "மயில்கழுத்து. கிளிப்பச்சை. மாம்பழம். அரக்கு."

"அரக்கு வந்தா சர்க்கரை ரொம்ப அதிகம். நீலமாவே நின்னா சர்க்கரை இல்லை" என்றார் டாக்டர். "இந்தச் சர்க்கரை மூத்திரத்துல இறங்கி ஈரத் தோல்ல தேங்குது. அதுல காளான் மாதிரி ஒண்ணு வளருது. அதான் புண்."

கோமளா சட்டென்று கேட்டாள். அந்நிய ஆண் ஒருவரிடம் அவள் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை.

"வைத்தியர் மேகம்னார். அது இதுதானா?"

"மதுமேகம்னு சொல்லியிருப்பார். சர்க்கரை வியாதிக்கு அவங்க பேரு அது."

"மதுன்னு சொல்லலை. வெறும் மேகம்னார்."

டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். குரலைத் தணித்தார்.

"அம்மா, நீங்க நினைக்கிற அந்த மேகத்துக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு. அது இவருக்கு இல்லை. இது வெளியில போய் வாங்கிட்டு வந்த வியாதி இல்லை. கோயில் பொங்கல்ல வந்த வியாதி."

பிறகு என் பக்கம் திரும்பி, அவளும் கேட்கும்படியாகவே சொன்னார். உறுப்பு சுருங்கவில்லை, எங்கும் போகவில்லை, அதன் அளவு இருந்தபடியே இருக்கிறது. அடிவயிற்றுக் கொழுப்பு அதைப் புதைத்து வைத்திருக்கிறது. உடம்பு இளைத்தால் தானாக வெளியே தெரியும். சுன்னத்தும் இல்லை. தோலை அறுத்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதும் உள்ளே போய்ப் புதைந்துவிடும். ஆகையால் எதையும் எடுக்கப்போவதில்லை, நீர் போக வழிவிட்டு இறுகின தோலில் மேல்பக்கம் ஒரு கீறல் மட்டும். ஆசை அடங்கிப் போனதற்கும் எடையும் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், குறைந்தால் கொஞ்சம் திரும்பலாம், சத்தியம் பண்ணித் தரமாட்டேன் என்றார். நான் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன்.

டாக்டர் போனதும் கோமளா விசிறியை எடுத்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமோன்னோ?"

"என்னன்னு சொல்றது?"

"வைத்தியர் சொன்னது உங்களுக்கு இல்லைன்னு."

"அப்போ வேற என்னன்னு கேட்டிருப்பே."

"கேட்டிருப்பேன்தான்."

"காணோம்னு சொல்றதா?"

"என்ன காணோம்?" என்றாள். கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். பக்கத்துக் கட்டிலில் காதர் பாய் பெரிதாக இருமிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

இன்சுலினால் சர்க்கரை இறங்கிய பிறகு ஆபரேஷன் நடந்தது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். கத்திச் சத்தம், டாக்டரும் நர்சும் பேசுவது எல்லாம் கேட்டது. வலித்ததைவிட வெளிச்சம்தான் கொடுமை. அவ்வளவு பெரிய விளக்கு என் எந்த இடத்தின்மேல் எரிகிறது என்று நினைத்து நினைத்து வேர்த்துக் கொட்டினேன்.

அதைவிடப் பெரிய வெட்கம் பிறகு வந்தது. தினமும் வயிற்றைத் தூக்கிப் பிடித்து, மடிப்பெல்லாம் துடைத்து, காயவைத்து, ஊதா மருந்து தடவவேண்டும். எனக்கே எட்டாத இடம். ஆஸ்பத்திரியில் மாணிக்கம் செய்தான். வீட்டுக்குப் போகுமுன் வீட்டுக்காரம்மா கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். திரைக்குள்ளே கோமளா கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். நான் வேஷ்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்டி. அசிங்கம்."

"உங்க வேஷ்டியை நீங்களே தோய்க்க ஆரம்பிச்சேளே, அன்னிலேர்ந்துதான் எனக்கு அசிங்கமா இருந்தது" என்றாள். "இது இல்லை. கையை எடுங்கோ."

கையை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணோரம் ஈரம் காதுவரை வழிந்தது. அவள் துடைத்தாள், விசிறினாள், மருந்தைத் தடவினாள். அவள் முகம் சுளிக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் மட்டும் கேட்டது.

"இந்த ஊதாவிலே ஒரு புடவை போன மாசம் கடைக்கு வந்தது. கத்திரிப்பூன்னு பேரு. நன்னாத்தான் இருந்தது."

வீட்டுக்கு வந்தோம். என் இலையில் சோறு ஒரு பிடியாகச் சுருங்கியது. கீரையும் கோதுமைக் கஞ்சியும் வந்தன. முதல் மாதம் பசியில் கோமளாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடைப்பள்ளிக்குத் திரும்புமுன் ஆராவமுதுவிடம் போனேன். ஓதம் இல்லை, இன்னது என்று சொன்னேன். எதையும் அறுத்து எடுக்கவில்லை, ஆனால் இனி ஈர வேஷ்டி ஆகாது என்று டாக்டர் உத்தரவு என்றேன். அவர் வெற்றிலையை மென்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டு ஊர்ல இருந்துண்டு இதுக்குப் போய் முழிக்கறீரே. பட்டுக்கு ஏது ஓய் ஈரம்? உலர்ந்த பட்டே மடிதானே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டாக்டர் எந்தக் கிழமையில இருப்பார்?" என்று கேட்டார். அவரும் என்னைப்போல் கனத்த உடம்புக்காரர். நான் கிழமையைச் சொன்னேன், காரணம் கேட்கவில்லை. நெசவில் ஓரம் பிசகின வெள்ளைப் பட்டு வேஷ்டி ஒன்றைக் கோமளா பட்டுக்கடையிலிருந்து வாங்கிவந்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் இப்போது பொங்கல் கிளறுகிறேன், ருசி பார்ப்பதில்லை.

தினமும் காலையில் கொல்லைப்புறத்தில், தனியாக வைத்த சாராய விளக்கில், அவள் அந்தக் குழாயைக் காய்ச்சினாள். மடி, ஆசாரம் எல்லாம் பார்க்கிறவள், என் மூத்திரத்தைக் காய்ச்சிவிட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு அடுக்களைக்கு வருவாள். நான் கூடத்தில் உட்கார்ந்தபடி காத்திருப்பேன். முதலில் அரக்கு என்று குரல் வரும். பிறகு மாம்பழம், வெகுநாள் மாம்பழம். பிறகு கிளிப்பச்சை. விறகு மண்டித் தராசில் மறுபடி ஏறினேன், இந்தத் தடவை நானாகவே. ஒரு கல்லை மண்டிக்காரர் திருப்பி எடுத்துவைத்தார். குளிக்கும்போது குனிந்தால் இன்னும் வயிறுதான் தெரிகிறது, ஆனால் கைக்கு அகப்படுகிறது. நீர் தாரையாக விழுகிறது. அதைப் பார்த்து ஒருநாள் கொல்லையில் நின்று நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தை பிறந்த சமயம், ஒருநாள் காலை வெகுநேரமாகக் குரலே வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன வர்ணம்டி?"

எழுந்து அடுக்களை வழியே எட்டிப் பார்த்தேன். ஜன்னல் மாடம் காலியாக இருந்தது. என் டம்ளர் அவளுடையதோடு அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தது. எப்போது மாறியது என்று நான் கவனிக்கவே இல்லை. கோமளா கொல்லை வாசலில் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொதித்து ஆறியும் அதில் ஒரு துளிகூட நிறம் மாறவில்லை, நீலமாகவே நின்றது.

"என்ன வர்ணம்னு கேட்டேனே?"

அவள் திரும்பினாள். வைத்தியர் வந்துபோன நாள் முதல் வீட்டில் எங்கள் இருவர் வாயிலும் வராத அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"மேக வர்ணம்."